தொடக்கூடாத அத்தை

தென்னாப்பிரிக்காவின் டிசம்பர் வெயில் என்றால் சும்மாவா? காலை ஏழு மணிக்கே மரூலா குன்று மிருகக்காட்சிசாலையின் தகரக் கூரைகள் சூடேறி டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தன. தம்பி கல்யாணத்துக்காக எடுத்த பத்து நாள் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய மக்காபோ, அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக மினிபஸ்ஸை விட்டு இறங்கியவள், வாசலைத் தாண்டாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசலில் புதிதாக ஒரு போர்டு வைத்திருந்தார்கள். இரண்டு ஆள் உயரம் இருக்கும். மஞ்சள் நிறத்தில் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: "இந்தக் கோடையில் உங்கள் குலவிலங்கைத் தொட்டுப் பாருங்கள்! முள்ளம்பன்றி, முதலைக் குஞ்சு, சிறுமான், குரங்கு. சிங்கத்தைக் கம்பிக்கு வெளியிலிருந்து பார்க்க மட்டும் அனுமதி."

"எந்தப் புண்ணியவான் எழுதினான் இதை?" என்று வாய்விட்டே கேட்டாள்.

சிங்கக் கூண்டுக்காரன் லெசிபா இறைச்சி வாளியோடு அந்தப் பக்கம் வந்தான். "வா நொக்கோ, வா! கல்யாணச் சாப்பாடு நல்லா வேலை செஞ்சிருக்கு போல. சட்டை பட்டன் கதறுது."

"என் பட்டனை விடு, டாவு. இது என்ன கண்றாவி?"

"மேனேஜர் யோசனை. கோடைக்காலச் சந்திப்பாம். காசு கட்டினா உள்ளே போய் அவங்கவங்க குலவிலங்கைத் தடவிக் கொடுக்கலாம். நல்லவேளை, என் சிங்கத்தை விட்டுட்டாரு. தடவப் போனவன் திரும்பி வரமாட்டான்னு யாரோ சொல்லியிருக்கணும்."

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விலங்கு. சிங்கக் குலத்தானை டாவு என்பார்கள், முள்ளம்பன்றிக் குலத்தாளை நொக்கோ என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட அப்படிக் கூப்பிடுவதுதான் மரியாதை. அந்த விலங்கைத் தின்னக்கூடாது, அடிக்கக்கூடாது. வெறுங்கையால் தொடுவதா? நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை. மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதை யாராவது பாடமாகவா நடத்துகிறார்கள்? அப்படித்தான் இதுவும்.

இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாத ஒருவர் மேனேஜராக வந்திருக்கிறாரே என்று மக்காபோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜர் பெத்தோலே ஆகஸ்டில்தான் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். நாற்பத்துமூன்று வயது, மக்காபோவைவிட இரண்டு வயது மூத்தவர். இஸ்திரி கலையாத சட்டை, அளந்த பேச்சு. வந்த முதல் நாள், வேலையாட்கள் எல்லோரும் கூடி, "உங்களை நாங்க என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டார்கள். எந்தக் குலம் என்பதுதான் கேள்வி. குழந்தைக்குக்கூடப் புரியும். அவரோ சிரித்துக்கொண்டே, "மேனேஜர்னே கூப்பிடுங்களேன்," என்றார். அன்றைக்கே அவர் தலைக்கனம் பிடித்த ஆள் என்று முடிவாகிவிட்டது.

போதாக்குறைக்கு இன்னொரு பழக்கம். தினமும் விடிந்ததும் ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும் போய் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒன்றும் பேசமாட்டார். "பூட்டுல துரு இருக்கா, தொட்டியில பாசி இருக்கானு வேவு பாக்கறாரு," என்று லெசிபா ஊதிவிட்டான். அதற்குப் பயந்து மக்காபோ தன் கூண்டுப் பூட்டுக்கு வாரம் மூன்று தடவை எண்ணெய் போட்டாள். பூட்டு வழுக்கி வழுக்கி ஒருநாள் காலில் விழுந்தது.

நேரே ஆபீசுக்குப் போனாள்.

"பூட்டி, அந்தப் போர்டை இறக்கிடுங்க," என்றாள். அண்ணன் வயசுக்காரரை அங்கே பூட்டி என்பார்கள். கோபத்திலும் அந்த மரியாதை போகவில்லை.

"ஏன் செசி? நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர். செசி என்றால் அக்கா, தங்கை எல்லாம். "எவ்வளவோ பேர் தன் குலவிலங்கை நேர்ல பாத்ததே இல்லை. பேருல மட்டும் சுமந்துட்டு அலையறாங்க. ஒரு தடவை தொட்டுப் பாத்தா எவ்வளவு சந்தோஷமா இருக்கும்!"

"தொடக்கூடாது."

"யார் சொன்னா?"

யார் சொன்னதாம்! தண்ணி ஈரமாக இருக்கும் என்று யார் சொன்னார்கள் என்று கேட்பதுபோல இருந்தது.

பெத்தோலே மேஜை டிராயரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். நகரசபையிலிருந்து வந்திருந்தது. பதினாறாம் தேதிக்குள் எந்த விலங்கைப் பார்க்கப் போதுமான பேர் பதிவு செய்யவில்லையோ, அந்த விலங்கை வெளியே அனுப்பிவிட வேண்டும். பட்டியலில் முதல் பெயர் முள்ளம்பன்றி.

"பகல்ல தூங்குது, யார் வந்தாலும் வெளியே வரமாட்டேங்குதுன்னு எழுதியிருக்காங்க," என்றார் அவர் மெதுவாக. "வடக்கே ஒரு பண்ணைக்காரர் கேட்டிருக்காராம்."

எந்தப் பண்ணை என்று மக்காபோ கேட்கவில்லை. போன வருஷம் காட்டுப்பூனை போன பண்ணைதான். வெளிநாட்டுக்காரர்கள் துப்பாக்கியும் தொப்பியுமாக வந்து இறங்கும் பண்ணை.

"முள்ளம்பன்றியைக்கூடவா சுடுவாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலை செசி. சுடறதுக்குன்னு வந்தவன் எதைத்தான் விடுவான்?"

மக்காபோ கடிதத்தை மேஜைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். கால்கள் தானாக அத்தையின் கூண்டுக்குப் போயின.

அத்தை என்றுதான் அந்த முள்ளம்பன்றிக்குப் பெயர். தன் குலத்து விலங்கு, பெண் விலங்கு, அப்புறம் அப்பாவோடு பிறந்தவள் முறைதானே? பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரிக்காரர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது, உள்ளங்கை அகலம்தான் இருந்தது. தாய் ரோட்டில் அடிபட்டுச் செத்துக் கிடந்ததாம். மக்காபோதான் தடித்த தோல் கையுறை மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் பால் புகட்டி வளர்த்தாள். பதினோரு வருஷத்தில் ஒருநாள், ஒரு நிமிஷம்கூட, அவள் தோல் அத்தைமேல் பட்டதில்லை. உதிர்ந்த முள்ளைக்கூட முறத்தில்தான் வாருவாள். "வளத்தவளே தொடமாட்டேங்கறா! பெத்த பிள்ளையா இருந்தா எப்படிக் குளிப்பாட்டியிருப்பே?" என்று லெசிபா கிண்டல் செய்வான். செய்துவிட்டுப் போகட்டும். நொக்கோவைத் தொட்டால் பல்லு கொட்டிவிடும் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அதை லெசிபாவுக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்தாள். தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். காலை ஆறு மணிக்கு, சுற்றுமுற்றும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அத்தையின் மரப்பெட்டிக்கு முன்னால் மண்டியிடுவாள். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்கிற மாதிரி, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டுவாள். "அத்தை, விடிஞ்சிருச்சு. நல்லாத் தூங்கினீங்களா?" என்பாள். ராத்திரி முழுக்கச் சுற்றிவிட்டு அப்போதுதான் பெட்டிக்குள் படுக்கப் போயிருக்கும் அத்தை, எழுந்து வெளியே வரும். ஒரு கை தூரத்தில் நிற்கும். வாலைச் சிலிர்த்துக் கலகலவென்று ஆட்டும். அதற்கப்புறம்தான் பூசணித் துண்டு.

அன்றைக்கு மண்டியிடவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள். உள்ளே அத்தை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. "உங்களுக்கென்ன, தூங்குங்க," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

*

பத்தாம் தேதி, கோடைச் சந்திப்பு தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் மூடி, சுரங்கத்திலும் நகரத்திலும் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் ஊர் திரும்பியிருந்த சமயம். கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. குளிர்பெட்டியும் குடையும் குழந்தைகளுமாகக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வாசலில் போர்டைப் படித்தார்கள். படித்ததும் முகம் மாறியது. சிலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வா, யானையைப் பாக்கலாம்," என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். யானை போர்டில் இல்லை. ஒரு பெரியவர் போர்டைப் படித்துவிட்டுக் குடும்பத்தையே வந்த வழியே திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் ஒரு சாரார் மட்டும் ஓடி ஓடி வந்து டிக்கெட் வாங்கினார்கள். யார் தெரியுமா? மருமகள்கள்! அவர்களுக்கு வேறு குலம். புருஷனுடைய குலவிலங்கைத் தொடுவதற்கு அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை தடவை கிடைக்கும்?

முதலில் வந்தவள் சலோமி. ஆரஞ்சுக் கவுன் போட்ட வாட்டசாட்டமான பெண். பின்னாலேயே அவள் புருஷன் செரோகா, தொப்பையும் தொப்பியுமாக, லாரி ஓட்டிக் கறுத்த கைகளோடு ஓடி வந்தான்.

"சலோமி! சொன்னாக் கேளு! அது எங்க நொக்கோ!"

"தெரிஞ்சுதானே டிக்கெட் வாங்கினேன்? இருவது வருஷமா உங்க வீட்டுல ஆளாளுக்குக் குத்திக்கிட்டே இருக்கீங்க. முள்ளு எங்கேருந்து வருதுன்னு இன்னைக்குத் தடவிப் பாத்துடறேன்."

"தொட்டே, வீட்டுப் படி ஏறாதே!"

"சாவி என்கிட்ட இருக்கு. நீதான் வெளியே படுக்கணும்."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காதவள் மக்காபோ ஒருத்திதான். கையுறையோடு கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். சலோமி முக்கால் மணி நேரம் புருஷன் தொப்பியால் விசிறிக்கொண்டு பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அத்தை வெளியே வருவதாக இல்லை. உள்ளே ஒருதரம் புரண்டு படுத்தது, அவ்வளவுதான்.

"அப்படியே என் மாமியார்," என்றாள் சலோமி. "நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சா உள்ளேயே படுத்துக்கும். என் டிக்கெட்டுக்கு என்ன வழி?"

பெத்தோலே ஓடி வந்தார். "பதினாறாம் தேதி லீவு நாள்தானே, அன்னைக்கு வாங்கம்மா. அதே டிக்கெட் செல்லும். அன்னைக்கு நகரசபைக் கவுன்சிலரம்மாவும் வர்றாங்க. எங்க மக்காபோ செசியே கூட்டி வந்து, தொட்டுக் காட்டுவாங்க."

மக்காபோ திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் மனுஷன் இரண்டடி பின்னால் போனார்.

கூட்டம் கலைந்ததும், "யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீங்க?" என்றாள்.

"வேற வழி தெரியலை. ஒருத்தர் தொடறதைப் பாத்தா மத்தவங்களும் வருவாங்க. அது உங்ககிட்ட மட்டும்தான் வரும். பதினோரு வருஷமா வளத்திருக்கீங்க."

"நான் நொக்கோ."

"தெரியும்." அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். "அன்னைக்கும் போதுமான பேர் பதிவு பண்ணலைன்னா, அந்தக் கடுதாசியில நான் கையெழுத்துப் போடணும். எனக்கு அது பிடிக்கலை, செசி. நிஜமாவே பிடிக்கலை."

அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை வைதுவிட்டாவது போகலாம்.

அடுத்த ஐந்து நாளும் மக்காபோவுக்குச் சோறு இறங்கவில்லை. களியைக் கிண்டி வைத்துவிட்டு அப்படியே ஆறவிடுவாள். கடைசியில் பதினைந்தாம் தேதி சாயங்காலம், கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டாள். 'தொட்டா என்ன ஆகும்? பல்லு கொட்டும். கொட்டட்டுமே! முப்பத்திரெண்டுல நாலு ஏற்கெனவே போயாச்சு. அத்தை போனா திரும்பி வருமா?' தொடுவது என்று முடிவு செய்துவிட்டாள். நகங்களை வெட்டிக்கொண்டாள். செத்துப்போன அப்பாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

*

பதினாறாம் தேதி மதியம் அத்தையின் கூண்டைச் சுற்றி நூறு பேருக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். இஞ்சிப் பானமும் பொரித்த மாவு உருண்டையுமாகக் கைகள் ஒழியவில்லை. முன்வரிசையில் கவுன்சிலரம்மா, பூப்போட்ட குடையின் கீழ். பக்கத்தில் பெத்தோலே, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சலோமி டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். செரோகா அவளைத் தெரியாதவன் மாதிரி நாலடி தள்ளி நின்றான்.

மக்காபோ உள்ளே வந்தாள். எல்லோருக்கும் முன்னால் கையுறைகளைக் கழற்றி வேலிமேல் வைத்தாள். லெசிபாவின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

பெட்டி வாயில் குனிந்தாள். "வாங்க," என்று மெல்லக் கூப்பிட்டாள். அத்தை வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. ஒரு குழந்தை, "உள்ளே ஒண்ணுமே இல்லைம்மா, ஏமாத்தறாங்க," என்றது. கவுன்சிலரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் ரெண்டு மணிக்கு வேற இடத்துல இருக்கணும், மேனேஜர்."

பெத்தோலே வேலியோரம் குனிந்து, "கையை உள்ளே விட்டுத் தொட்டுடுங்க, செசி. ஒரே ஒரு தடவை," என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

மக்காபோ மண்டியிட்டாள். வெறுங்கையை இருட்டுக்குள் நீட்டினாள். அத்தையின் மூச்சு விரலில் பட்டது, வெதுவெதுப்பாக. பதினோரு வருஷமாக அந்த மூச்சை அவள் இவ்வளவு பக்கத்தில் உணர்ந்ததில்லை. இன்னும் ஒரு சாண் நீட்டினால் போதும். நீட்டு, நீட்டு என்று தன்னையே விரட்டினாள். கை நீளவில்லை. எவ்வளவு சொல்லியும் நீளவில்லை. முதுகுக்குப் பின்னால் நூறு பேர், கண்ணுக்கு முன்னால் அந்தப் பண்ணை, அப்படியும் கை கேட்கவில்லை. அவமானத்தில் காது சுட்டது. கையை வெளியே எடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. மண்டியிட்டிருந்தாள், முன்னால் பெட்டி இருந்தது, பதினோரு வருஷப் பழக்கம். உள்ளங்கைகள் தானாகக் குவிந்தன. டப், டப் என்று மெல்லத் தட்டினாள்.

"அத்தை," என்றாள், அழுகையை விழுங்கிக்கொண்டு. "மன்னிச்சிருங்க. நேரங்கெட்ட நேரத்துல எழுப்பறேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பெட்டிக்குள் பரபரவென்று நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. முதலில் மூக்கு வந்தது. பிறகு மீசை. அப்புறம் அத்தை முழுசாக, நட்ட நடு வெயிலில், தூக்கக் கலக்கத்தோடு தள்ளாடித் தள்ளாடி வெளியே வந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மக்காபோவைப் பார்த்தது. எப்போதும் நிற்கிற இடத்தில், ஒரு கை தூரத்தில், நின்றது. கறுப்பும் வெள்ளையுமான முள்ளெல்லாம் விரிய, ஒருதரம் உடம்பைச் சிலிர்த்தது. வாலைக் கலகலவென்று ஆட்டியது.

அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

முதலில் அசைந்தது செரோகாதான். தொப்பியைக் கழற்றினான். அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு சுடுகிற சிமெண்டுத் தரையில் மண்டியிட்டான். லாரிக் கைகளைக் குவித்துத் தட்டினான். "நொக்கோ!" என்றான். கூட்டத்தில் இங்கே ஒருத்தர், அங்கே ஒருத்தர் என்று மண்டியிட்டார்கள். எல்லோரும் முள்ளம்பன்றிக் குலம். பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். ஒரு வீட்டுப் பெரிய மனுஷி வெளியே வந்து நிற்கும்போது, வேற்றுக் குலத்தார் மட்டும் மரம்போல நின்றுகொண்டிருப்பது மரியாதையா?

"அடப்பாவி!" என்றாள் சலோமி புருஷனைப் பார்த்து. "பொண்ணு கேக்க வந்தப்போ என் அப்பாவுக்கு முன்னாடிகூட நீ இப்படி முட்டி போடலியே!" சொல்லிவிட்டு, டிக்கெட்டைக் கவுனுக்குள் செருகிக்கொண்டு, அவளும் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். மருமகள்தானே. மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே தட்டினாள்.

மக்காபோவுக்கு மட்டும் உண்மை தெரியும். கை தட்டினால் பூசணி வரும் என்பது அத்தையின் கணக்கு. அத்தை நகராமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பார்த்துக் கையில் பூசணி இல்லை.

"டாவு! பூசணி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஓடு!"

லெசிபா அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

கவுன்சிலரம்மா குடையை மடக்கினார். அவர் சிறுமான் குலம். "எங்க சிறுமானுக்கும் இந்த மாதிரி வணக்கம் சொல்லலாமா?" என்று கேட்டார். சொல்லலாம் என்றாள் மக்காபோ. "முதலைக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர். "கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க," என்று பூசணியோடு வந்த லெசிபா பதில் சொன்னான். டிக்கெட் கவுண்டருக்கு ஆட்கள் ஓடினார்கள்.

"நாளைக்கும் எங்க அத்தையைப் பாக்கறதுக்கு எங்க வீட்டுல பதினெட்டுப் பேர் வருவோம்," என்றான் செரோகா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எழுதிக்குங்க."

"அப்புறம் இதை எதுக்கு அனுப்பணும்?" என்று கவுன்சிலரம்மா பெத்தோலேயிடம் கேட்டார். "இருக்கட்டும். அது சரி, தொட்டுப் பாருங்கன்னு வாசல்ல எழுதி வச்ச மடையன் யாரு?"

பெத்தோலே நிமிர்ந்தார். "நான்தாம்மா," என்றார்.

*

சாயங்காலம் ஒரு மழை அடித்துவிட்டு ஓய்ந்திருந்தது. மக்காபோ வீட்டுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, போர்டுக்கு முன்னால் ஏணி போட்டு, பெத்தோலே தானே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். 'தொட்டுப் பாருங்கள்' அழிந்திருந்தது. அந்த இடத்தில் 'வணங்கி' என்று எழுதியிருந்தார். அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் தூரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இஸ்திரிச் சட்டை முழுக்க மஞ்சள்.

அத்தை தப்பிவிட்டது. சந்தோஷத்தில் இருந்த மக்காபோவுக்கு, பாக்கி வைத்திருந்த கோபத்தையும் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

"ஒண்ணு கேக்கறேன், பூட்டி. இவ்வளவு படிச்சிருக்கீங்க. தொடக்கூடாதுங்கறது எப்படித் தெரியாமப் போச்சு? உங்க வீட்டுல யாருமே சொல்லலியா?"

அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. "சொல்றதுக்கு வீடுன்னு இருந்தாத்தானே, செசி?" என்றார். "நான் அநாதை விடுதியில வளந்தவன். பெத்தோலேங்கற பேரே அங்கிருந்த நர்ஸ் வச்சது. அப்பா யாரு, அம்மா யாரு, எதுவும் தெரியாது. என்னன்னு கூப்பிடறதுன்னு முதல் நாள் எல்லாரும் கேட்டீங்களே, எனக்கு மட்டும் பதில் தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

மக்காபோ ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் இந்த வேலையைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். காலையில ஒவ்வொரு கூண்டு முன்னாடியும் போய் நிப்பேன். சிங்கம், முதலை, குரங்கு... ஏதாவது ஒண்ணு என்னைப் பாத்துத் திரும்புமா, எனக்குள்ள ஏதாவது தோணுமான்னு. ஒண்ணும் தோணலை. தொட்டுப் பாத்தாலாவது தெரியுமோன்னு நினைச்சேன்." சிரிக்கப் பார்த்தார். "எனக்குத் தோணினதைத்தான் ஊருக்கே போர்டுல எழுதிட்டேன்."

வாரம் மூன்று தடவை எண்ணெய் போட்ட அந்தப் பூட்டு மக்காபோவுக்கு ஞாபகம் வந்தது. பாவம், இந்த மனுஷனைப் போய் என்னென்ன பேசினோம் என்று நெஞ்சு கனத்துப்போனது. ஆறுதல் சொல்ல அவளுக்கு எப்போதுமே வராது. மினிபஸ் ஹாரன் அடித்தது.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க," என்றாள். "பூசணியை நீங்க நறுக்கிட்டு வாங்க. தோலைச் சீவிடாதீங்க. அத்தைக்குத் தோல் வேணும்."

மறுநாள் ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே, கிண்ணத்தோடு கூண்டு வாசலில் நின்றார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பெட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் மண்டியிட்டார்கள். பெத்தோலே பளார் பளார் என்று தட்டினார்.

"கொசுவா அடிக்கறீங்க? கையைக் குவிங்க. மெல்ல."

குவித்தார். மெல்லத் தட்டினார். அத்தை வெளியே வந்தது. வழக்கமான இடத்தில் நின்று, மக்காபோவைப் பார்த்தது, புது ஆளைப் பார்த்தது. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பெத்தோலே மூச்சுகூட விடவில்லை. தட்டின கைகள் தட்டினபடியே நின்றன. அத்தை வாலைக் கலகலவென்று ஆட்டிவிட்டு, நாலடி நடந்து, அவர் வைத்த பூசணித் துண்டை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தது.

அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மக்காபோ ஒரு கணம் யோசித்தாள். குலம் என்ன கடையிலா கிடைக்கிறது, யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்றிருப்பார். யாரைக் கேட்பது? அத்தையே அவர் கையால் வைத்ததைச் சாப்பிட்டாயிற்று. இதற்குமேல் யாரைக் கேட்க வேண்டும்?

எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். பெத்தோலே எழவில்லை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுந்திருங்க, நொக்கோ," என்றாள். "செரோகா வீட்டுலேருந்து பதினெட்டுப் பேர் வந்துருவாங்க. கேட்டைத் திறக்கணும்."